ஒரு பிளாக்குக்கு ஒரே நம்பர்

வியாசர்பாடியில் அந்தக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது தகர வேலியும் ஜல்லிக் குவியலும்தான் இருக்கின்றன. புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லி இடித்திருக்கிறார்கள். கட்டிடம் நின்றிருந்த நாளில் அதன் மூன்றாவது பிளாக்கில் குடியிருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கைபேசி எண் ஒன்று உண்டு. அது சொக்கம்மாளுடைய எண்.

சொக்கம்மாள் அந்த பிளாக்கின் தலைவி அல்ல. சங்கம், குழு எதிலும் அவள் இல்லை. நாலு பேர் நின்று பேசுகிற இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கவே கூசுவாள். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. கீழே சண்டை நடந்தால் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்பாள். யாராவது சாட்சிக்குக் கூப்பிட்டால் உள்ளே போய்விடுவாள். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவுகிற ஒப்பந்த வேலை. வெளியூர் வண்டிகள் எப்போது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. வண்டி வந்ததும் சூப்பர்வைசர் போன் போடுவார், உடனே ஓட வேண்டும். அதனால் அவள் போன் அணைந்திருந்ததே இல்லை. பிளாக்கில் மற்ற பெண்களுக்கு அந்தக் காலத்தில் போன் கிடையாது. ஆண்களிடம் இருந்த போன்களிலோ, தெருமுனையில் சிம் இலவசமாகக் கிடைக்கும்போதெல்லாம் எண் மாறிக்கொண்டே இருந்தது.

எல்லாம் ஆதார் முகாமில் ஆரம்பித்தது. மாநகராட்சிப் பள்ளியில் முகாம் போட்டிருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர், செங்கொடியிடம் கைபேசி எண் கேட்டார். காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவள் செங்கொடி. ஆறு வயது மகள் கார்குழலியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்ற சொக்கம்மாள் கண்ணில் பட்டாள்.

“சொக்கம்மாக்கா நம்பர போடு சார். அது எப்பவும் ஆன்லதான் கீது.”

அடுத்து நின்றவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். மாலைக்குள் அந்த ஆபரேட்டர் மூன்றாவது பிளாக் என்று கேட்டதுமே எண்ணைத் தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். சொக்கம்மாளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

நாளடைவில் எல்லாவற்றுக்கும் ஓடிபி என்று ஆனது. ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தால் ஓடிபி. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று எது கேட்டாலும் ஓடிபி. அத்தனையும் சொக்கம்மாளின் போனில் வந்து விழுந்தன. பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் தீபாவளி தாண்டும் வரை அவளுக்கு ஓய்வில்லை. யாருக்கு ஆதிதிராவிடர் நல உதவித்தொகை, யாருக்கு முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளியில் படித்த எந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் என்பதெல்லாம் கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. ரயில் பெட்டிக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது போன் அடிக்கும். குழாயைக் கீழே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாள். ஒருமுறை சொல்லி முடித்து மூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்வாள். “போதும்க்கா, வந்துட்ச்சு,” என்றாலும் இரண்டாவது தடவை சொல்லாமல் வைக்க மாட்டாள். யார்டில் அவளுக்கு ஓடிபி அக்கா என்று பெயர்.

தெரிந்ததை அவள் வெளியே சொன்னதில்லை. தரைத்தளத்தில் இருந்த மஜீது பாய், ஆட்டோ ஓட்டிக்கொண்டே ஐம்பது வயதுக்கு மேல் பத்தாம் வகுப்பு தனித்தேர்வு எழுதினார். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஓடிபி வாங்க மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்காமல் ஏறி வருவார். பாஸான பிறகு பிரியாணி போட்டு அவரே சொன்னபோது, எல்லோரோடும் சேர்ந்து சொக்கம்மாளும் ஆச்சரியப்பட்டுக்கொண்டாள்.

இதற்கெல்லாம் கைம்மாறு என்று எதுவும் இல்லை. ஒரு வழக்கம் மட்டும் ஏற்பட்டிருந்தது. பிளாக்கின் தண்ணீர் மோட்டார் அறைச் சாவி மாதத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். கயிற்று வளையத்தில் கோத்து, முறை வருகிற வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார்கள். அந்த மாதம் மோட்டார் போடுவதும் படிக்கட்டைக் கழுவுவதும் அந்த வீட்டு வேலை. அதோடு சொக்கம்மாளின் போனுக்கு ரீசார்ஜ் போடுவதும் சேர்ந்துகொண்டது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. சாவி இருக்கிற வீடு ரீசார்ஜ் போடும், அவ்வளவுதான்.

காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்த மாதத்தில் சாவி செங்கொடி வீட்டுக் கதவில் தொங்கியது. குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிய அவசரத்தில், செங்கொடி அதைக் கழற்றி அண்டாவுக்குள் போட்டாள். எதிர் வீட்டிலிருந்து சொக்கம்மாள் பார்த்தாள்.

ஆளுக்கு ஒரு திக்காகப் போனார்கள். செங்கொடி குடும்பம் புளியந்தோப்பில் வாடகைக்குப் போனது. சொக்கம்மாளின் மகன் நீலமேகம் எர்ணாவூரில் ஒரு வீடு பார்த்தான். சாப்பாடு டெலிவரி செய்கிற வேலை அவனுக்கு. அம்மாவின் போனில் தானே ஒரு புது சிம்மைப் போட்டுக் கொடுத்தான்.

“இதுல நம்ப ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பிளானுமா. பழச தூக்கிப் போடு.”

அவள் தூக்கிப் போடவில்லை. ரேஷன் கார்டு இருந்த பிஸ்கட் டப்பாவில், காகிதத்தில் மடித்து வைத்தாள். எடுத்து வைத்த பொருள் எங்கே போகும்? ரேஷன் கார்டு எத்தனை வருஷமாக அந்த டப்பாவில் இருக்கிறது, அது என்ன கெட்டா போனது? யாருக்காவது ஓடிபி வேண்டுமென்றால் பழைய சிம்மை எடுத்துப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. சூப்பர்வைசருக்கு மட்டும் புது எண்ணைச் சொன்னாள். மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் சொல்வதென்றால் வீடு வீடாகப் போன் செய்து, தானே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். ஓடிபி சீசனும் அப்போது முடிந்திருந்தது. தள்ளிப் போட்டாள். ஒரு வருஷம் நெருங்கிவிட்டது.

அடுத்த சீசனில் ஒரு மத்தியானம் கார்குழலி வந்து கதவைத் தட்டினாள். இடுப்பில் இருந்த குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது. முகமெல்லாம் வியர்வை.

“இன்னா அத்தே நீ! போன் பண்ணா எவனோ எடுத்து கத்தறான். உன் வூட்ட கண்டுபுடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிட்ச்சு.”

“எவன் எடுப்பான் கண்ணு? சிம்மு நம்ப டப்பால கீது.”

டப்பாவைத் திறந்து காட்டினாள். காகித மடிப்பில் சிம் பத்திரமாக இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு கார்குழலி விஷயத்தைச் சொன்னாள். செங்குன்றம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையை நம்பித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு இணையதளத்தில் ஆதாரைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு இன்றுதான் கடைசி நாள். முடிக்காதவர்கள் முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் இடத்தை விட்டுவிட வேண்டும் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். விரல் ரேகை வைத்தும் சரிபார்க்கலாம் என்று காலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறாள். மெஷின் ஏற்கவில்லை. ஆதாரில் இருந்தது ஆறு வயதில் வைத்த விரல் ரேகை. பள்ளியில் அதைப் புதுப்பித்த நாளில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மிச்சம் இருப்பது ஓடிபி ஒன்றுதான்.

சிம்மைப் போனில் போட்டுப் பார்த்தார்கள். சேவை இல்லை என்று வந்தது. தெருமுனையில் போன் கடை வைத்திருந்த ரோசியிடம் கொண்டுபோனார்கள். ரோசி சிம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யக்கா, நம்பரு இன்னா பீரோல பூட்டி வெக்கற நகையா? ரீசார்ஜ் போடலன்னா கம்பெனிக்காரன் புடுங்கி வேற ஆளுக்கு குத்துடுவான்.”

“சொல்லாமலா?”

“சொல்லிகீறான். இந்த நம்பருக்குத்தான் மெசேஜ் போட்டு சொல்லிகீறான். நீதான் அத டப்பால போட்டு மூடி வெச்சிகீறியே.”

கார்குழலி அம்மாவுக்குப் போன் போட்டாள். இறால் கொட்டகையின் இரைச்சலோடு செங்கொடியின் குரல் கடைக்கு வெளியே வரை கேட்டது.

“போயே பூட்ச்சா? அந்தக்காவ நம்பி ஊரே கீது, ஒரு வார்த்த சொல்லக்கூடாது? வாய்ல இன்னா கொயக்கட்டையா வெச்சிருந்துச்சு?”

சொக்கம்மாள் கடைப் பலகையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார்குழலிதான் கேட்டாள்.

“யம்மா, மோட்டர் சாவி யார் வூட்ல கீது?”

“இப்ப இன்னாத்துக்குடி சாவி?”

“அண்டாவுல கெடந்துச்சே, நம்ப வூட்ல. அந்த மாசம் நம்ப மொறதான? ரீசார்ஜ் நீ போட்டியா?”



“பிளாக்கே பூட்ச்சு, இதுல மொறயாம் மொற,” என்று செங்கொடி வைத்துவிட்டாள்.

கார்குழலி மறுபடி பழைய எண்ணை அழைத்தாள். எடுத்த ஆள் உடனே துண்டித்தான். மூன்றாம் தடவை எடுக்கவே இல்லை. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் குந்திவிட்டாள். அழவில்லை. நகத்தைக் கடித்தாள். இறால் உரித்து உரித்து நகம் அதிகம் மிச்சமில்லை. லீவு முழுக்க அம்மாவோடு கொட்டகைக்குப் போயிருக்கிறாள் என்பதைச் சொக்கம்மாள் அந்த விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

“குடு,” என்று கையை நீட்டினாள்.

திரையில் ‘சொக்கம்மா அத்தை’ என்று அவள் பெயரே இருந்தது. அதைத் தொட்டுக் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் அடித்தது.

“தோ பாரு,” என்றது ஆண் குரல், “சொக்கம்மா இல்ல. சொக்கம்மா செத்துட்டா. ஆள வுடு.”

“இல்ல நைனா. கீறேன்.”

“இன்னாது?”

“சொக்கம்மாதான் பேசறேன். அது என் நம்பரு. இருந்துச்சு.”

 அந்தப் பக்கம் மடை திறந்தது.

“யம்மாடி! நீயா அது? இந்த சிம்ம வாங்குன நாள்லேந்து எனக்கு பேஜாரு. கேஸ்காரன் கூப்புட்டு சொக்கம்மா கீதான்றான். ரேசன்காரன் கேக்கறான். எவளோ ஒருத்தி வந்துட்ச்சாக்கா, வந்துட்ச்சாக்கான்னு உசுர எடுக்கறா. இன்னா வந்துட்ச்சுன்னு கேட்டா வெச்சிடறா. நடு ரோட்ல ஓடிபி ஓடிபியா வருது. என் துட்டத்தான் எவனோ எடுக்கறான்னு பேங்குக்கு ஓடி, ஒரு நாள் ஓட்டம் போச்சு.”

“தப்புதான் நைனா. ஒரே ஒரு ஓடிபி. ஒரு பொண்ணு காலேஜு...”

“ஓடிபி மட்டும் கேக்காத. என் தோஸ்து ஒருத்தன் இப்டித்தான் சொல்லி, டீசல் துட்டு மொத்தமும் பூட்ச்சு அவனுக்கு. கேக்கறவன்லாம் பொண்ணு காலேஜு, பையன் ஆஸ்பத்திரின்னுதான் கேப்பான்.”

“போன்ல சொல்லாத. நாங்க நேர்ல வரோம். எங்க கீற?”

அப்படிக் கேட்டது தான்தானா என்று சொக்கம்மாளுக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

“எங்க கீவேன்? ஹார்பர் க்யூவுல கீறேன். டிரெய்லரு. டோல்கேட் தாண்டி வந்தீன்னா பச்ச கேபினு, முன்னாடி மாதா படம். வில்சன்னு கேளு. வந்து மூஞ்ச காட்டு, அப்பால பாக்கலாம்.”

ஷேர் ஆட்டோவில் டோல்கேட்டில் இறங்கினார்கள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, சாலையின் ஒரு பாதியை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர்கள் சக்கரத்தின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். இரண்டு பேர் பம்பரின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். மூன்று வண்டிக்கு ஒரு வண்டி பச்சை கேபின். அதில் பாதிக்கு மாதா படம், மீதிக்கு முருகன். சொக்கம்மாள் ஒவ்வொரு வண்டியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. கார்குழலி கேட்டாள்.

“யாரு, வில்சனா? எந்த வில்சனு?” என்றான் பல் குத்திக்கொண்டிருந்த ஒருவன். “கஸ்டமர் கேர் வில்சனா?”

“அது இன்னா பேரு?”

“நாள் பூரா அவனுக்கு ஓடிபி வரும்மா. ஊர்ல கீறவனுக்கெல்லாம் பதில் சொல்லிகினே இருப்பான். தோ, அந்த நாலாவது வண்டி.”

வில்சன் நாற்பது வயது இருக்கக்கூடிய ஒல்லியான ஆள். தலையில் துண்டு கட்டி, கேபின் படியில் உட்கார்ந்திருந்தான். சொக்கம்மாளை மேலும் கீழும் பார்த்தான்.

“நீதானா அது? எவ்ளோ பெரிய ஆளா இருப்பியோன்னு நெனச்சிகினு இருந்தேன். இத்தினியூண்டு கீற.”

சொக்கம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். கார்குழலி தன் ஆதார் அட்டையை நீட்டினாள்.

“அண்ணே, இத கைல வெச்சிக்கங்க. நான் என் போன்ல தட்டறேன். உங்களுக்கு வர்ற மெசேஜ்ல இந்தக் கார்டோட கடசி நாலு நம்பர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா சொல்லுங்க. இல்லன்னா சொல்ல வேணா, நாங்க பூடறோம்.”

வில்சன் அட்டையைப் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

“உஷாராத்தான் கீது பொண்ணு. இன்னா படிக்கற?”

“நர்சிங்.”

“படிக்கறியா, படிக்கப் போறியா?”

“அத உங்க போன்தான் சொல்லணும்.”

அவன் சிரிப்பதற்குள் முன்னால் எஞ்சின்கள் உறுமின. வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. “ஏறு, ஏறு!” என்று வில்சன் தாவி உள்ளே போனான். கார்குழலி ஏறி, சொக்கம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். எத்தனையோ ரயில் பெட்டிகளில் ஏறி இறங்கியவளுக்கு லாரிப் படி பிடிபடவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சீட்டில் விழுந்தாள்.

“எடம் வுட்டா எவனாவது பூந்துடுவான்,” என்றான் வில்சன். “விடிகாலைலேந்து நிக்கறேன். கேட்டாண்ட உங்கள எறக்கி வுட்டுடணும், உள்ள யாரையும் வுட மாட்டான். அதுக்குள்ள முடிச்சிக்க.”

கார்குழலி எண்ணைத் தட்டினாள். இணையதளத்தின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று கடைசி நாளாகையால் எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் இருந்திருப்பார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் துணிப்பையில் தொங்கிய வில்சனின் போன் ஒலித்தது. அவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தன.

“நீயே எடுத்து பாரும்மா. நாலும் சரியா கீதான்னு பாத்து சொல்லு. டபாய்க்கக் கூடாது.”

சொக்கம்மாள் போனைப் பையிலிருந்து எடுத்தாள். ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. அந்த மெசேஜின் உருவம் தெரியும். எண் எங்கே இருக்கும் என்று தெரியும். அட்டையைப் பக்கத்தில் வைத்து நாலு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்பிட்டாள். வில்சன் தலையாட்டினான். ஓடிபியைப் படித்தாள். கார்குழலி தட்டினாள். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, நேரம் முடிந்தது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

“போச்சு,” என்றாள் கார்குழலி. “மறுபடி அனுப்பச் சொல்லணும். கொஞ்சம் பொறுத்துதான் அனுப்பும்.”

முன்னால் துறைமுகத்தின் ஜீரோ கேட் தெரிய ஆரம்பித்திருந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்திக் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னே இருந்த வண்டி நகர்ந்தது. வில்சன் நகரவில்லை. பக்கவாட்டில் காத்திருந்த லாரி ஒன்று மூக்கை நுழைத்துப் பார்த்து, நம்ப முடியாமல் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு உள்ளே புகுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் புகுந்தது.

“டேய் கஸ்டமர் கேரு! தூங்கறியாடா சோமாறி?” என்று பின்வண்டி டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

“வண்டி ஸ்டார்ட் ஆவலடா!” என்று இவனும் கத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சொக்கம்மாள் அவனைப் பார்த்தாள். விடிகாலையிலிருந்து நின்ற இடம். அவன் சாலையையே பார்த்துக்கொண்டு, “ரெண்டு வண்டி போனா இன்னா. ஹார்பர் எங்கியும் ஓடிப் போவாது,” என்றான்.

போன் ஒலித்தது. சொக்கம்மாள் நாலு எண்ணை ஒப்பிட்டாள். ஓடிபியை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூச்சு விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியிலேயே கார்குழலி, “அத்தே, ஆயிட்ச்சு,” என்றாள். சொக்கம்மாள் மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி இருந்தது.

கேட்டுக்குச் சற்று முன்னால் இறங்கிக்கொண்டார்கள். வில்சன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, “அது செரி, இந்த நம்பர நான் இன்னா பண்றது?” என்றான்.

“மாத்திடாத நைனா,” என்றாள் சொக்கம்மாள். “இன்னும் எத்தினியோ பேர் கீறாங்க. எல்லாம் மாத்தற வரைக்கும் வெச்சிரு.”

“நான் இன்னா உங்க பிளாக்குக்கு வாட்ச்மேனா?”

 பின்வண்டி மறுபடி கத்தியது.

“செரி செரி. இனிமே எவனாவது சொக்கம்மா எங்கன்னா இன்னா சொல்றது? செத்துட்டான்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிகீறேன்.”

“எர்ணாவூர்ல கீறான்னு சொல்லு.”

கார்குழலி சொக்கம்மாளின் போனிலிருந்து அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். லாரி கேட்டுக்குள் போனது.

அதற்கடுத்த வாரங்களில் சொக்கம்மாள் தினமும் வேலைக்குப் போகிற கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீடாகப் போன் செய்தாள். எண்களைக் கார்குழலி சேகரித்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். “சொக்கம்மா பேசறேன்,” என்றதும் சிலர் அலறினார்கள். மஜீது பாயின் பெண்டாட்டி, “யா அல்லா, நீ மவுத்தாயிட்டன்னு சொன்னாங்களேம்மா,” என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். பாய் அவளுக்காக ஒரு வெள்ளிக்கிழமை துவா கேட்டிருக்கிறார். சொக்கம்மாள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். அந்த நம்பர் இப்போது லாரிக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. அவரைத் திட்டாதீர்கள். போய் ஆதாரில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை சொல்வாள்.

கார்குழலியின் விண்ணப்பம் கல்லூரியிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. தொகை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கல்லூரி கட்டணம் கேட்கவில்லை. அவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் போகிறாள்.

புளியந்தோப்பில் ஆதார் திருத்த முகாம் போட்ட ஞாயிற்றுக்கிழமை சொக்கம்மாளும் போனாள். அவளுடைய ஆதாரிலும் அந்தப் பழைய எண்தான் இருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் செங்கொடி நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல நின்றாள். ஆபரேட்டர் புதிய கைபேசி எண் கேட்டார். செங்கொடியிடம் இப்போது சொந்தமாகப் போன் இருந்தது. ஆனாலும் சட்டென்று சொன்னாள்.

“சொக்கம்மாக்கா நம்பர போடு சார். தோ பின்னாடியே கீது, புது நம்பர கேட்டு...”

“வேணாம்,” என்றாள் சொக்கம்மாள்.

வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்டது அவளுக்கே பிடிக்கவில்லை. கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

“உன்து குடு செங்கொடி. உன்னாண்டதான் போன் கீதுல்ல.”

செங்கொடி முறைத்தாள். பிறகு தன் எண்ணைச் சொன்னாள். கட்டைவிரலை வைத்து எழுந்தாள்.

சொக்கம்மாள் உட்கார்ந்தாள். ஆபரேட்டர் கேட்பதற்கு முன்பே வாய் தானாக ஆரம்பித்தது. நாலைந்து எண் வந்த பிறகுதான் நின்றது.

“அது கஸ்டமர் கேர் நம்பருக்கா,” என்றாள் பின்னாலிருந்து செங்கொடி.

புது எண் சொக்கம்மாளுக்கு மனப்பாடம் இல்லை. செங்கொடி தன் போனை எடுத்து, சொக்கம்மாள் ரயிலிலிருந்து அழைத்த அழைப்பைத் தேடிப் பிடித்து, திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஆபரேட்டர் தட்டி முடித்தார்.

“இன்னொரு தபா சொல்லு,” என்றாள் சொக்கம்மாள்.